ஓட்டல் ரிவ்யூ படிப்பது எப்படி? கேட்டவர்களுக்குப் பதில்

திருச்சி வாசகி: 4.5 நட்சத்திரம் என்று நம்பிப் போனேன். பிரியாணி வாயில் வைக்க முடியவில்லை. எப்படி?

அந்த 4.5 பல வருடச் சராசரி. போன மாதம் மாஸ்டர் மாறியது அதற்குத் தெரியாது. கூகுள் மேப்பில் முதலில் வரும் ரிவ்யூக்கள் கூகுளே பொறுக்கி வைத்தவை. வரிசையைப் 'புதியவை' என்று மாற்றுங்கள். அடுத்து, குறைந்த மதிப்பெண் தந்தவர்களைப் படியுங்கள். பார்க்கிங் இல்லை என்று ஒரு நட்சத்திரம் கொடுத்தவரை விட்டுவிடலாம். நாலு பேர் தனித்தனியாகப் பழைய எண்ணெய் நாற்றம் என்றால் நம்பலாம். அப்புறம், எழுதியவர் பெயரைத் தொட்டுப் பாருங்கள். ஒரே வாரத்தில் சென்னையில் பல் டாக்டர், லூதியானாவில் ஜிம், கோவையில் மெஸ், எல்லாவற்றுக்கும் 'சூப்பர் சர்வீஸ்' என்றால் அது கூலிக்கு எழுதியது.

மதுரை வாசகர்: இல்லாத ஓட்டலைக்கூட ரிவ்யூவாலேயே தூக்கிவிடலாமாமே?

நடந்திருக்கிறது. 2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை 'தி ஷெட் அட் டல்விச்' என்ற ஓட்டலாக டிரிப்அட்வைசர் என்ற பயண ரிவ்யூ தளத்தில் பதிந்தார். போட்ட சாப்பாட்டுப் படங்களில் தட்டில் இருந்தது ஷேவிங் கிரீம். நண்பர்கள் எழுதிய பொய் ரிவ்யூக்களிலேயே லண்டனின் முதலிடம்! போன் செய்தவர்களுக்கெல்லாம் 'டேபிள் இல்லை' என்றார்; கிராக்கி இன்னும் ஏறியது.

ஈரோடு வாசகி: அம்மா நட்சத்திரத்தை மட்டும்தான் பார்ப்பார்.

சாப்பிட வந்தவர்கள் போட்ட படங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸொமேட்டோவில் டெலிவரிக்கு ஒரு மதிப்பெண், உட்கார்ந்து சாப்பிட இன்னொன்று. அதையும் காட்டிக்கொடுங்கள்.

வேலூர் வாசகர்: 4.2 நம்பலாமா?

மேலே படியுங்கள். புதியவை.

நெல்லை வாசகர்: 3.9?

ஐயா, பு-தி-ய-வை!

கும்பகோணம் பெரியவர்: தம்பி, வாசலில் கூட்டம் இருந்தால் போதும். போனை எதற்கு நோண்ட வேண்டும்?

உள்ளூரில் சரிதான் ஐயா. நெடுஞ்சாலை மோட்டலில் ராத்திரி பத்து பஸ் நிற்கிறதே, அந்தக் கூட்டம் ருசிக்கா வந்தது?

பெரியவர்: மோட்டலை யார் ஓட்டல் என்றது? டிரைவருக்கு ஓசிச் சாப்பாடு, நமக்குக் காய்ந்த தோசை.

அதைத்தான் சொல்கிறேன். அங்கே ஒரு நட்சத்திர ரிவ்யூக்கள் குவிந்தாலும் கல்லா நிறையும். யாரும் தேர்ந்தெடுத்து இறங்குவதில்லை. தனி ஓட்டல் கதை வேறு. அப்போது ஹார்வர்டில் இருந்த ஆய்வாளர் மைக்கேல் லூகா அமெரிக்காவின் சியாட்டிலில் கணக்குப் பார்த்தார் (2011): யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் ஒரு நட்சத்திரம் ஏறினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. ஒரே பெயரில் பல கிளை நடத்தும் சங்கிலி ஓட்டல்களில் அந்த மாற்றமே இல்லை.

விழுப்புரம் வாசகர்: மோட்டலில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குகிறார்கள். ரிவ்யூ எழுதட்டுமா?

எழுதுங்கள். அதற்கு முன் 1915-க்குப் போன் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண். பில் கேட்டு வாங்கி வையுங்கள்.