ஐம்பத்து மூன்று வயதில் ஜூலு

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். வயது 53. ஆசிரியர்கள் மூன்றாண்டுக்கு 150 பயிற்சிப் புள்ளி சேர்க்க வேண்டும் என்று சொல்லிச் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு பயிலரங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். சம்பளத்தில் ஒரு ராண்டு கூடப்போவதில்லை. இப்போது ஜூலு மொழி வகுப்புக்கும் பெயர் கொடுக்கச் சொல்கிறார் தலைமையாசிரியர். என் மகள் வயதுப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து நாக்கைச் சொடுக்கிக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முப்பது ஆண்டு பாடம் நடத்தியவளுக்கு இனிமேல் என்ன படிப்பு?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

பயிலரங்குகளைப் பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. காலை எட்டரைக்குக் கையெழுத்து, பத்தரைக்குச் சமோசா, இடையில் திரையில் இருப்பதை அப்படியே வாசிக்கும் ஒருவர். நான் போனவற்றில் சிலவற்றில் சமோசா மட்டும்தான் சூடாக இருந்தது.

சம்பளப் பேச்சையும் தவறென்று சொல்ல மாட்டேன். என் அப்பாவும் ஆசிரியர்தான். யூனிசா என்கிற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாகப் படித்தார். பழுப்பு உறை வந்தால் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். மெட்ரிக்குக்குப் பிறகு எத்தனை ஆண்டு படித்தார் என்பதைப் பார்த்துச் சம்பளம் போட்ட காலம் அது. அதே படிப்புக்கு வெள்ளை ஆசிரியருக்குக் கூடுதல் என்பது வேறு கதை. அப்பாவின் படிப்பில் பாதி ஆசை, பாதி வீட்டுச் செலவு. அதனால் அது மட்டமான படிப்பாகிவிடவில்லை.

புள்ளிக் கணக்கை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். ஆசிரியர் தானாகத் தொடங்குவது, பள்ளி நடத்துவது, வெளியார் நடத்துவது என்று அதில் மூன்று வகை உண்டு. கையில் சான்றிதழ் வருகிறது என்பதற்காக நாம் எல்லோரும் மூன்றாவதன் பின்னாலேயே ஓடுகிறோம். முதல் வகையை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

எனக்கு அது புரிந்தது 51 வயதில், ஒரு தலைகுனிவுக்குப் பிறகு.

ஜூலு பேசும் மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து டாக்சியில் வரும் ஒரு சிறுமி என் முதல் வகுப்பில் இருந்தாள். ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. பென்சில் கேட்டால் நீட்டுவாள், பெயர் கேட்டால் மேசையைப் பார்ப்பாள். பேச்சில் குறை இருக்கலாம், நிபுணரிடம் காட்ட வேண்டும் என்று அறிக்கை எழுதினேன். அதை அலுவலகத்தில் கொடுக்கப் போகிற வழியில் சத்துணவு வரிசையைக் கடந்தேன். சமைக்கும் அம்மாவிடம் அந்தப் பெண் ஜூலுவில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள்! கையை ஆட்டி, கண்ணை உருட்டி, ஏதோ நீண்ட கதை. என்ன கதை என்று கேட்டேன். வீட்டுத் தண்ணீர் வாளிக்குள் தவளை விழுந்த கதையாம். சமையல் அம்மா சிரித்துக்கொண்டே, "இவள் தினமும் இப்படித்தான், வாயை மூடவே மாட்டாள்" என்றார்.

அறிக்கையைக் கிழித்துப் போட்டேன். குறை யாருடையது என்று அதில் தவறாக எழுதியிருந்தேன்.

நம் பள்ளிகளின் காகிதங்களில் ஆங்கிலத்துக்கு 'வீட்டு மொழி' என்று பெயர். யார் வீட்டில்? 2021-இல் நடந்த பிர்ல்ஸ் என்கிற பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் இந்நாட்டு நான்காம் வகுப்புக் குழந்தைகளில் 81 சதவீதம் பேருக்குப் படித்ததன் பொருள் பிடிபடவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் பதறினார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் தவளை என்று வாய் நிறையச் சொல்லத் தெரிந்த குழந்தையை ஊமை என்று எழுதிய ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த வாரமே அந்தச் சமையல் அம்மாவிடம் போய் நின்றேன். தினமும் தேநீர் இடைவேளையில் பத்து நிமிடம். கூலி, வாரம் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய். முதல் பாடம் தவளைதான். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிக் காட்ட வழியில்லை. நடுவில் இரண்டு முறை நாக்கின் ஓரத்தைக் கடைவாய்ப் பல்லிலிருந்து பிய்த்தெடுக்க வேண்டும், மாட்டை ஓட்டும்போது செய்வோமே, அப்படி. இன்னொரு சொடுக்கு நமக்குச் சொல்லித்தரவே வேண்டாம். கெட்ட செய்தி கேட்டால் என் ஆயா உச்சுக்கொட்டுவாளே, அதேதான்! நாம் துக்கத்துக்கு வைத்திருக்கும் ஒலியை அவர்கள் காதணிக்கு வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, புட்டியிலிருந்து தக்கையைப் பிடுங்கும் சத்தம். முட்டை என்று சொல்ல அது வேண்டும். எனக்கு இன்றுவரை வரவில்லை. என் வகுப்புக்கு அது பெரிய கொண்டாட்டம். நான் முட்டை என்று சொல்ல முயல்வதைப் பார்க்கவே பிள்ளைகள் காத்திருப்பார்கள். தவளைக்காரச் சிறுமிதான் எழுந்து வந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்து, நாக்கை இன்னும் பின்னால் இழுக்கச் சொன்னாள். அவள் வகுப்பில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

சொடுக்கைத் தாண்டிவிட்டால் அந்த மொழி தமிழ் தெரிந்தவர்களுக்கு அவ்வளவு அந்நியமில்லை. 'ஃபுண்டா' என்றால் படி. 'ஃபுண்டிசா' என்றால் படிப்பி. வாலில் ஒன்றைச் சேர்த்தால் செய்வது செய்விப்பதாகிவிடும். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் கேட்டிருந்தால் பிறவினை என்று உடனே பெயர் வைத்திருப்பார். உங்கள் இளம் ஆசிரியைகளில் தமிழ் தெரியாதவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஆகவே கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

தலைமையாசிரியர் சொல்லும் வகுப்புக்குப் பெயர் கொடுங்கள், புள்ளி வந்தால் வரட்டும். அதற்கு முன்னால் உங்கள் பள்ளிச் சமையலறையில் யார் இருக்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஊறுகாயில் மட்டும் மிளகாயைக் குறைத்துவிடாதீர்கள். என் முதல் பாட்டில் திரும்பி வந்துவிட்டது.

அன்புடன்,
அக்கா