ஆணிக்கு 'நெய்ல்' என்று கேட்காதீர்கள்

தம்பி, படம் மாட்ட ஆணி வாங்க நோர்வேக் கடையில் 'நெய்ல்' கேட்டதற்கு அங்கு நின்ற பொடியன் தன் விரல் நுனியைக் காட்டிச் சிரித்தான் என்று எழுதியிருந்தீர்கள். சுவீடனில் இருக்கும் உங்கள் மச்சான் அதையே 'நாகெல்' என்கிறாரே, எது சரி என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டுமே விரல் நகம். படம் மாட்ட உதவாது.

நோர்வேயில் இரும்பு ஆணிக்கு 'ஸ்பீக்கெர்' (ஒலிபெருக்கி என்று நினைத்துவிடாதீர்கள்). வட ஜெர்மன் நகரங்களின் கூட்டணியான ஹன்சாவின் வணிகர்கள் நம் பேர்கன் துறைமுகத்தில் கடை விரித்திருந்த காலத்தில், அவர்கள் பேசிய கீழ் ஜெர்மன் மொழியிலிருந்து இங்கே குவிந்த சொற்களில் அதுவும் ஒன்று. கராம்புக்குச் சொல்லும் 'நெலிக்' கூட அந்த மொழிதான். அங்கே அது 'சின்ன ஆணி'.

இனி நெய்ல். எழுதும்போது நடுவில் 'க்' இருக்கும், வாயில் அது 'ய்' ஆகிவிடும். மழைக்கு 'ரெய்ன்' என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்திலும் பழைய 'க்' இதே வழியில் தேய்ந்ததால்தான் காது ஏமாறுகிறது. ஒரு நகம் 'என் நெய்ல்', அந்த நகம் 'நெய்லென்', நகங்கள் 'நெய்லெர்', அந்த நகங்கள் 'நெய்லெனெ'. இதில் மனப்பாடம் செய்யப் பெரிதாக ஒன்றுமில்லை.

வேடிக்கை உயிரெழுத்தில் இருக்கிறது. இந்த நாட்டு மொழிகளுக்குத் தாயான பழைய நோர்ஸில் ஒருமை 'நக்ல்', பன்மை 'நெக்ல்'. வகுப்பில் படித்த 'மன்–மென்' (ஆண்–ஆண்கள்) மாதிரி. நோர்வேக்காரரும் டென்மார்க்காரரும் பன்மையின் எகரத்தை ஒருமைக்கும் கொடுத்துவிட்டார்கள். சுவீடன்காரர் மாறாக, 'நாகெல்–நாக்லார்' என்று இரண்டிலும் அகரத்தை வைத்துக்கொண்டார்கள். ஒருமையில் ஓர் உயிரெழுத்து, பன்மையில் வேறாக 'நெக்லுர்' என்று பழைய மாற்றத்தை விடாமல் பிடித்திருப்பவர்கள் ஐஸ்லாந்துக்காரர். செத்தவர்களின் வெட்டாத நகங்களால் கட்டிய 'நக்ல்ஃபார்' என்ற கப்பல் உலக முடிவில் புறப்படும் என்று 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்நோரி எழுதிவைத்தார்; அந்தப் பெயரிலும் பழைய அகரம்தான்.

நம் 'நகம்' சமஸ்கிருத வழியாக வந்தது. அதுவும் இவர்களின் சொல்லும் ஒரே வேர். சங்கத் தமிழின் 'உகிர்' வேறு குடும்பம்.

கூட்டுச்சொல்லில் 'நெய்லெ' என்று வரும்: 'நெய்லெசாக்ஸ்' நகம் வெட்டும் கத்தரி, 'நெய்லெலாக்' நகப்பூச்சு. அப்புறம் மார்கழியில் 'நெய்லெஸ்ப்ரெத்' என்ற சொல் காதில் விழும். விறைத்த விரல் சூட்டுக்குத் திரும்பும்போது நகத்தடியில் தெறிக்கிற வலி அது. அந்த நேரம் கையைச் சுடுதண்ணீரில் வைக்காதீர்கள். கமக்கட்டுக்குள் வைத்து மெல்லச் சூடாக்குங்கள்.