குடிப்பெயர்வு, தொழிலாளர் ஆய்வை நம்பிப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் செய்யலாமா?

முதுகலை முடித்துவிட்டு, "எப்போது வேலைக்குப் போவாய்?" என்று வீட்டில் கேட்கும் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைத் தாண்டி வந்தவன்தான்.

செய்யலாம். ஆனால் முடிவான பதில் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். 1980இல் கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 கியூபர்கள் அமெரிக்கா போனார்கள். அவர்களில் பலர் தங்கிய மயாமி நகரின் தொழிலாளர் எண்ணிக்கை சில மாதங்களில் 7 சதவீதம் கூடியது. அப்படியும் உள்ளூர்க்காரர்களின் கூலி குறையவில்லை என்று 1990இல் பொருளாதார அறிஞர் டேவிட் கார்ட் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி நன்றாகவே சரிந்தது என்று 2017இல் இன்னொரு பொருளாதார அறிஞர் ஜார்ஜ் போர்ஹாஸ் எழுதினார். அவர் எடுத்த மாதிரி ரொம்பச் சின்னது என்று அடுத்த கட்சி கிளம்பியது. 2021இல் கார்டுக்கு நோபல் கிடைத்தும் அந்தச் சண்டை ஓயவில்லை.

என் கதை இவ்வளவு பெரியதில்லை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களைப் பற்றியது என் ஆய்வு. பதினான்கு பக்க வினாத்தாள். இருநூறு பேருக்கு மேல் பேட்டி எடுத்தாயிற்று. அப்புறம் ஒரு கம்பி கட்டும் தொழிலாளி, "மாதச் சம்பளம் எவ்வளவு?" என்று நான் கேட்டதும் என் பேனாவையே பார்த்தார். "எந்தச் சம்பளம் சார்? ஊரில் கையெழுத்துப் போட்டதா, அங்கே போனதும் வேறு தாளில் போடச் சொன்னதா, ஏஜென்ட் கடன் போகக் கைக்கு வந்ததா?"

என் வினாத்தாளில் சம்பளத்துக்கு இருந்தது ஒரே கட்டம். அதுவரை பேசியவர்கள் ஆளுக்கொரு சம்பளத்தைச் சொல்லியிருக்கிறார்கள், நான் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டிருக்கிறேன். வினாத்தாளை முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன், பல்கலைக்கழக நண்பர்களிடம்! பாதிப் பேரைத் திரும்பத் தேடிப் பிடிக்க ஒரு வருடம் ஆனது. மீதிப் பேர் மறுபடி விமானம் ஏறிவிட்டார்கள். கட்டுரையில் அந்த ஒரு வருடம் அட்டவணைக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பொருளாதாரத்தில் கூட்டாக எழுதினால் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில்தான் பெயர் போடுவார்கள். என் பெயர் 'வி'யில் தொடங்குகிறது. களத்தில் அலைந்தது நான், மேற்கோளில் வருவது 'ஏ' நண்பர், நான் 'மற்றும் பலர்'. பொறாமை என்று நினைக்காதீர்கள், குடும்பப் பெயர் அகரவரிசையில் முன்னால் வருபவர்களுக்கு முன்னணிப் பொருளாதாரத் துறைகளில் நிரந்தரப் பணி கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2006இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது.

உங்கள் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது?