கர்க்கடகப் பாத்தியைக் களையென்று பிடுங்கிவிட்டார்கள்: இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி (சுருக்கம்): நாங்கள் கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் சொந்த வீட்டில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டைச் சுற்றியுள்ள பாத்திகளில் மருந்தடிக்காமல் கையாலேயே களையெடுத்துப் பராமரிப்பதற்காக, பொள்ளாச்சிப் பக்கத்து ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மாதம் 6,000 ரூபாய்க்குப் பேசி ஒன்றரை ஆண்டாகிறது. ஆள் பிடிப்பதும் கருவி கொடுப்பதும் அவர்தான்; மாதம் இரண்டு முறை நான்கு பெண்களை அனுப்புவார். கிழக்குப் பாத்தியில் மறைந்த என் மாமியார் 30 ஆண்டுகளாகக் காத்துவந்த தசபுஷ்பச் செடிகள் (மலையாளக் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், போற்றப்படும் பத்து மூலிகைகள்) இருந்தன. ஆனிக் கடைசியில் உடுமலைப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், பாத்தி வெறும் மண்ணாகக் கிடக்கிறது. செடிகளைத் திருடி நாட்டு மருந்துக் கடைக்கு விற்றிருப்பார்கள், அல்லது களைக்கொல்லி அடித்திருப்பார்கள் என்று சந்தேகிக்கிறேன். இரண்டு மாதப் பாக்கி 12,000 ரூபாயை நிறுத்திவிட்டேன். பின்பக்கக் கொட்டகையில் அவர்கள் வைத்திருந்த கருவிகளை எடுத்து உள்ளறையில் பூட்டியிருக்கிறேன். மறுநாள் அவற்றைக் கேட்டு வந்த பெண்களைத் தெருவாசலிலேயே திட்டி அனுப்பினேன். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். இப்போது ஒப்பந்தக்காரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. போலீசில் புகார் கொடுத்து 2 லட்சம் ரூபாய் இழப்பீடு வாங்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி மாமியாரைப் பற்றியது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கில் அதற்கு வேலை இல்லை. ஒப்பந்தக்காரர் மரியாதையில்லாமல் பேசியதற்கும், தொலைபேசியை எடுக்காததற்கும், பக்கத்து வீட்டில் அவர் குறைந்த தொகைக்கு வேலை செய்வதற்கும்கூட வேலை இல்லை. கிழக்குப் பாத்தியில் நிற்கும் செடிகளைத் தொடக்கூடாது என்பது வேலைக்கு முன்பே ஒப்பந்தக்காரருக்குத் தெரியுமா, தெரியும் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்ற ஒரு கேள்வியில்தான் இந்த வழக்கு நிற்கும் அல்லது விழும்.

காரணம் எளிது. அருகு, முக்குற்றி, நிலப்பனை, சிறுபூளை, கரிசலாங்கண்ணி, முயற்செவி எல்லாமே வாய்க்கால் வரப்பில் தானாக முளைத்துக் கிடப்பவை. ரோஜாவையும் குரோட்டனையும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கு என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு பெண், குத்தவைத்து உட்கார்ந்து, வேர்க்கழுத்தில் விரல் கொடுத்து முதலில் இழுக்கப்போவது இவற்றைத்தான். யாரும் சொல்லாமல் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் எதிர்பார்க்காது. எனவே சொன்னதை நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருக்கும் வாட்ஸ்அப் படங்களைப் பார்த்தேன். உங்களுக்கு ஆதரவானவை என்று நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். மூன்றாவது படத்தில், வேலை நடந்ததற்கு நான்கு நாள் முன்பு, ஒப்பந்தக்காரருக்கு நீங்களே அனுப்பிய செய்தி இருக்கிறது: "ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க, எந்தப் பாத்தியிலயும் ஒரு புல்லுகூட இருக்கக் கூடாது." எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் ஆவணமாகத் தாக்கல் செய்யப்போவது இதைத்தான். தசபுஷ்பத்தில் அருகம்புல்லும் ஒன்று என்பதை அவர் உங்கள் வாயாலேயே குறுக்கு விசாரணையில் சொல்ல வைப்பார்.

அதனால் உங்கள் வழக்கு செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன செய்திதான் உங்களிடம் உள்ள ஒரே நல்ல ஆதாரம்: ஒன்றரை ஆண்டாக இதே ஒப்பந்தக்காரரின் ஆட்கள், மாதம் இரண்டு முறை, அந்தச் செடிகளை விட்டுவிட்டு மற்றதை எடுத்திருக்கிறார்கள். இருவருக்கும் இடையே நிலவிய இந்த நடைமுறையை ஒப்பந்தத்தின் பகுதியாகவே வாதிடலாம். முதலில் வந்த பெண்ணிடம் நீங்கள் வாய்மொழியாகச் சொன்னதும், அவர் நின்றுவிட்டதால் புதிதாக வந்தவர்களுக்கு ஒப்பந்தக்காரர் எதையும் சொல்லாமல் அனுப்பியதும் இதனோடு சேர்ந்தால்தான் பொருள் பெறும். புது ஆளுக்கு வேலையை விளக்குவது அவர் கடமை. போன கர்க்கடகத்தில் அந்தப் பாத்தியைப் படம் பிடித்திருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

திருட்டு, களைக்கொல்லி என்ற இரண்டு சந்தேகங்களையும் இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் எடுத்த படத்திலேயே சுவரோரம் செடிகள் வேரும் மண்ணுமாகக் குவிந்து வாடிக் கிடக்கின்றன. விற்க எடுத்துப்போனவர்கள் அப்படிக் குவித்துவிட்டுப் போக மாட்டார்கள். மருந்தடித்தால் செடி நின்ற இடத்திலேயே கருகும். போலீஸ் புகாரும் நிற்காது. சேதம் விளைவித்தல் என்ற குற்றத்துக்கு, சேதம் செய்யும் எண்ணமோ சேதமாகும் என்ற அறிவோ இருந்தாக வேண்டும். மோசடிக்கு, பேசிய நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டு ஒழுங்காக வேலை செய்தவர் மேல் இரண்டும் ஒட்டாது; நிலையத்தில் இதைச் சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் போகக்கூடிய இடம் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் தரலாம். எனவே ஒப்பந்தக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது தடையில்லை. இரண்டு ஆண்டு காலவரம்பு இருக்கிறது, உங்கள் தொகைக்குக் கட்டணமும் இல்லை. நாள்கூலிக்கு ஒருவரை வைத்து, பக்கத்தில் நின்று இதைச் செய், அதைச் செய் என்று நீங்களே வேலை வாங்கியிருந்தால், அது தனிப்பட்ட ஊழிய ஒப்பந்தமாகி, சேவை என்ற வரையறைக்கு வெளியே போயிருக்கும். ஆளும் கருவியும் அவருடையவை, தொகை மாதத்துக்கு என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் 2 லட்சம் கிடைக்காது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்த மீறலால் இயல்பாக விளைந்த, அல்லது விளையக்கூடும் என்று ஒப்பந்தம் செய்யும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நட்டத்துக்கு மட்டுமே ஈடு தருகிறது; அந்த நட்டத்தைச் சரிசெய்ய உங்களுக்கு இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கிருஷி பவன் (கேரள வேளாண் அலுவலகம்) அலுவலர் ஒருவரை எதிர்த்தரப்பு சாட்சிக் கூண்டில் ஏற்றினால் போதும். அருகும் கரிசலாங்கண்ணியும் ஒரு மழைக்குத் திரும்ப வரும், நிலப்பனையின் கிழங்கு மண்ணுக்குள் அறுந்து கிடந்தால் துளிர்க்கும், மீதியை நாற்றுப் பண்ணையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம் என்று அவர் சொல்லிவிடுவார். மன உளைச்சலுக்கு ஆணையம் ஏதாவது சேர்த்துக் கொடுத்தாலும், இரண்டு மாதப் பாக்கியைக் கழித்தபின் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதையும் தமிழ்நாட்டில் இருப்பவரிடமிருந்து வசூலிக்க மறுபடி ஒரு மனுப் போட்டு அலைய வேண்டும்.

உங்கள் உரிமையைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. எனக்கு உண்மையில் கவலை தருவது, செடி போனபிறகு நீங்கள் செய்த காரியங்கள். எல்லையின் இரு பக்கத்து நீதிமன்றங்களிலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதையே: சிறிய, நியாயமான ஒரு குறையோடு தொடங்குகிறவர், கோபத்தில் செய்த ஒரு செயலால் குற்றம் சாட்டப்பட்டவராகி, கடைசியில் தன் குறையை மறந்து ஜாமீனுக்கு அலைகிறார்.

முதலாவது, கருவிகள். களைக்கொத்து நான்கும் மண்வெட்டி இரண்டும்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். விலை இங்கே பொருட்டில்லை. பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை, அந்தப் பொருளின் மேல் உழைத்தவருக்கு உண்டு. தைத்த துணியைக் கூலி வரும்வரை தையல்காரர் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அந்தக் கருவிகளுக்கு எதுவும் செய்யவில்லை, அவர் உங்களுக்குக் கடன்பட்டவர் என்று எந்த நீதிமன்றமும் இதுவரை சொல்லவும் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில் திருட்டுக்குத் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று, பொருளைத் திருப்பித் தரப் பணம் கிடைக்கும்வரை வைத்திருக்கும் நோக்கத்தில், பிறர் வசமுள்ள பொருளை அவர் சம்மதமில்லாமல் எடுப்பது. கொட்டகை உங்களுடையது, ஆகவே கருவிகளும் உங்கள் வசத்தில்தான் இருந்தன என்று நான் வாதாடலாம். ஆனால் அவருக்கென்று விட்ட மூலையிலிருந்து எடுத்து உள்ளறையில் பூட்டியதாகவும், இழப்பீடு தந்தால் திறப்பேன் என்று சொன்னதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திருட்டு இல்லையென்றால் கையாடல் என்பார்கள். நீங்கள் சுமத்த நினைக்கும் திருட்டுக் குற்றத்துக்கு இப்போது அவரைவிட நீங்கள்தான் நெருக்கமாக நிற்கிறீர்கள்.

இரண்டாவது, வாட்ஸ்அப் குழு. "திருட்டுக் கும்பல்" என்று ஒப்பந்தக்காரரின் பெயரோடு எழுதியிருக்கிறீர்கள். அவதூறுக்கு உள்ள விதிவிலக்குகள் உண்மைக்கும் நல்லெண்ணத்துக்கும் பாதுகாப்புத் தருபவை; குவியல் படத்தை நீங்களே எடுத்திருக்கும்போது திருட்டு என்பதை நல்லெண்ணத்தில் நம்பியதாகச் சொல்வது கடினம். அந்தக் குழு மூலம் அவர் இரண்டு வீட்டு வேலையை இழந்திருந்தால் அதற்கும் கணக்குக் கேட்பார்.

மூன்றாவதை எழுதவே தயக்கமாக இருக்கிறது, ஆனால் இதுதான் மூன்றிலும் பெரியது. வாசலில் அந்தப் பெண்களைத் திட்டியபோது நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கும் வார்த்தைகளில் ஒன்று சாதியைக் குறிப்பது. அதை இங்கே அச்சிடவில்லை. கோபத்தில் வந்துவிட்டது என்கிறீர்கள். பாதி நாள் வெயிலில் குனிந்து, சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போன பெண்களிடம் அந்த வார்த்தையைச் சொல்ல எந்தக் கோபமும் காரணமாகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பட்டியல் சாதியினராக இருந்தால், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். தெருவாசல் அப்படிப்பட்ட இடம்தான். எதிர்வீட்டுக்காரர் பார்த்ததாக நீங்களே சொல்கிறீர்கள். அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது. நோட்டீஸில் இதுவரை இதைப் பற்றிப் பேச்சில்லை. நீங்கள் 2 லட்சம் கேட்டுப் புகார் கொடுத்த மறுநாள் அந்தப் பேச்சு வரும்.

ஆகவே என் ஆலோசனை, சமரசம் செய்துகொள்ளுங்கள், இந்த வாரமே. கருவிகளை நாளைக்கே திருப்பிக் கொடுங்கள். பேரத்துக்கு வைத்துக்கொள்ளாமல், எந்த நிபந்தனையும் போடாமல் கொடுங்கள். எத்தனை களைக்கொத்து, எத்தனை மண்வெட்டி என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குழுவில் எழுதியதை, தவறான புரிதலில் எழுதினேன் என்று இரண்டே வரியில் திரும்பப் பெறுங்கள். பழைய செய்திகளை அழிக்காதீர்கள்; உங்கள் போனில் அழித்தாலும் அவர் போனில் இருக்கும், மறைக்கப் பார்த்தீர்கள் என்ற பேச்சுத்தான் மிஞ்சும். அந்தப் பெண்களிடம் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். ஒப்பந்தக்காரரோடு நீங்கள் போடும் உடன்படிக்கை அவர்களைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் சார்பில் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரமும் கிடையாது. வழக்குக்குப் பயந்து கேட்கும் மன்னிப்பாக அது இருக்க வேண்டாம்.

பாக்கியில் முதல் மாதத்து 6,000 ரூபாயை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். அந்த மாத வேலையில் உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, அதை நிறுத்தி வைத்ததற்குக் காரணமும் சொல்ல முடியாது. இரண்டாம் மாதத் தொகையில்தான் பேச்சு இருக்கிறது. பணமாகக் கழிப்பதைவிட, பாத்தியைத் திரும்ப உருவாக்கித் தரச் சொல்வது நல்லது. நாற்றுச் செலவு உங்களுடையது, நடும் உழைப்பும் மூன்று மாதப் பராமரிப்பும் அவருடையது என்று பேசினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். அவருக்கும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் நீதிமன்றத்துக்கு எல்லை தாண்டி வந்து 12,000 ரூபாய்க்கு வழக்காடுவதில் லாபம் இல்லை. மழை இருக்கும்போதே நட்டால்தான் வேர் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இதைத் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்து லோக் அதாலத் மூலம் முடித்துக்கொள்ளுங்கள். செலவில்லை, அங்கு எழுதப்படும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலன் உண்டு. இனி எந்தப் பாத்தியில் எதைத் தொடக்கூடாது என்பதைப் படத்தோடு எழுதி அந்தத் தாளோடே இணையுங்கள்.

அவர் பணத்தை வாங்கிக்கொண்டு நடவு வேலைக்கு வர மறுத்தால் மட்டும் ஆணையத்துக்குப் போவதை யோசிக்கலாம். அப்போதும் நியாயமான ஒரு தொகையைக் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்திகளுக்கு, மின்னணு ஆவணங்களுக்கென்று பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும் என்பதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

நோட்டீஸுக்குக் கொடுக்கப்பட்டுள்ள 15 நாளுக்குள் பதில் போக வேண்டும். நீங்கள் எழுதி எனக்கு அனுப்பியிருக்கும் பதில் வரைவை அவருக்கு அனுப்பாதீர்கள். அதில் கருவிகளைப் பூட்டியதை ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், "அந்த ஆட்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கருவிகள் இன்ன தேதியில் ஒப்படைக்கப்பட்டன, முதல் மாதத் தொகை செலுத்தப்பட்டது, மீதியைக் குறித்துப் பேசித் தீர்க்கத் தயார், இந்தப் பதில் எங்கள் உரிமைகளைப் பாதிக்காது என்ற நான்கு செய்திகள் போதும். அதையும் கருவிகளைக் கொடுத்து ரசீது வாங்கியபிறகு அனுப்புங்கள்.