கோன்யாக்: திராட்சைக்கு முன்னால் உப்பு

பிரான்சில் கடலோரம் இல்லாத கோன்யாக், தன் பெயரையே தாங்கிய பிராந்தியை அனுப்பும் ஏற்றுமதி நகரமாக எப்படி ஆனது என்று உங்கள் கட்டுரைக்காகக் கேட்டிருந்தீர்கள். திராட்சைத் தோட்டங்களை மட்டும் நம்பினால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். ஷாரான்ட் ஆற்றிலிருந்து தொடங்குங்கள். இடைக்காலத்தில் கடற்கரை உப்பு படகேறி இங்கே வந்தது. 1494இல் இவ்வூரில் பிறந்த மன்னர் முதலாம் பிரான்சுவா, உப்பு வணிக உரிமையும் கொடுத்தார். அதே ஆற்றுவழியில்தான் ஒயினும் கடலுக்குப் போனது. டச்சு வணிகர்களுக்கோ நெடும்பயணத்தில் கெடாத சரக்கு வேண்டும். ஒயினைக் காய்ச்சி வடித்துப் பிராந்தியாக்கினால் கெடாது, பீப்பாய்களும் குறையும், கப்பல் கூலியும் மிச்சம். எனக்கு இதுதான் கட்டுரையின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. 1715இல் ஜெர்சி தீவின் மார்ட்டெல், 1765இல் அயர்லாந்தின் ஹென்னெஸி என்று இங்கே பிராந்தி நிறுவனம் தொடங்கியவர்கள் வெளியாட்கள் என்பதையும் சேருங்கள். 1870களில் ஃபிலாக்செரா பூச்சி கொடிகளை அழித்த கதைக்கு ஒரு பத்தி போதும்.