கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இந்த இதழுக்காக வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, பெரும்பாலானவை ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றியவையாகவே இருந்தன. ஆகவே தூக்கத்தைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இம்முறை சாப்பாட்டுக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. பிறந்தபோது 2.9 கிலோ, முதல் பிறந்தநாளின்போது 8.6 கிலோ, இப்போது 9.4 கிலோ. ஒரு வயது வரை கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டவள், இப்போது இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. சோறுதான் இறங்கவில்லை, பாலாவது போகட்டும் என்று நாளைக்கு ஐந்து முறை, முறைக்கு 200 மில்லி பசும்பால் புட்டியில் கொடுக்கிறேன். ஒருவேளைச் சோறு ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காட்டி, "நம்ம பிள்ளை மட்டும் ஏன் இப்படி ஈர்க்குச்சி மாதிரி இருக்கு?" என்று மாமியார் கேட்கும்போதெல்லாம் ஏதோ தப்புச் செய்துவிட்டவளைப் போலத் தலைகுனிந்து நிற்கிறேன். பசியைத் தூண்டும் டானிக் ஏதேனும் எழுதித் தருவீர்களா?
ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எடைகளையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். முதல் ஆண்டில் உங்கள் மகள் 5.7 கிலோ கூடியிருக்கிறாள். முதல் பிறந்தநாளின்போது இருந்த எடை, பிறந்த எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நன்றாக வளரும் குழந்தைகள் எல்லோருமே முதல் ஆண்டில் இப்படித்தான் வளர்வார்கள், உயரத்திலும் சுமார் 25 சென்டிமீட்டர் கூடுவார்கள். இரண்டாம் ஆண்டு முழுவதிலும் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோவும் 12 சென்டிமீட்டரும்தான். வளர்ச்சியின் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்போது, பசி மட்டும் பழைய அளவிலேயே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பிறந்தநாள் கேக் வெட்டிய கையோடு குழந்தை சாப்பாட்டைக் குறைத்துவிட்டது என்று என்னிடம் சொல்லாத தாய் அரிது. கண் பட்டுவிட்டது என்று பாட்டிமார்கள் சுற்றிப் போடுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, ஒன்றரை வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 10.2 கிலோ, கீழ் எல்லை 8.1 கிலோ. இந்த அளவுகளை வகுப்பதற்காக எடை பார்க்கப்பட்ட ஆறு நாட்டுக் குழந்தைகளில் நம் நாட்டுக் குழந்தைகளும் உண்டு என்பதால், வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கணக்கு நமக்கு எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. 9.4 கிலோ என்பது எல்லைக்குள் பத்திரமாக இருக்கும் எடை. அடுத்த முறை எடை பார்க்கப் போகும்போது மாமியாரையும் உடன் அழைத்துச் சென்று, குழந்தையின் அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் அவர் கையாலேயே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை நிறுத்துவதற்கு, வாதாடுவதைவிட அந்தப் புள்ளி பயன்படும் என்பதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது எடையன்று, பால். ஐந்து முறை 200 மில்லி என்றால் ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டரில் 600 முதல் 700 கலோரி வரை இருக்கிறது. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே ஏறக்குறைய ஆயிரம் கலோரிதான். மூன்றில் இரண்டு பங்கு வயிறு பாலிலேயே நிரம்பிவிட்ட பிறகு, சோற்றுக்கு வாயைத் திறக்கவில்லை என்று குழந்தையைக் கோபித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது? ஆக, பசி இல்லாமற்போகவில்லை. சோறு வருவதற்கு முன்பே அதைப் பால் தீர்த்துவிடுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் அளவுக்கு இரும்புச்சத்து உணவில் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூட இருப்பதில்லை என்பதோடு, மற்ற உணவிலிருந்து வரும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதையும் அதிகப்படியான பால் தடுக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது தெரியவந்தது. இரத்தசோகையே பசியை மந்தமாக்கும். பசி மந்தமான குழந்தைக்கு மேலும் பால் கொடுக்கப்படும். இப்படியே அது சுற்றிக்கொண்டிருக்கும். எனவே டானிக்குக்கு முன்பாக ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். மண்ணையோ சுவர்ச் சுண்ணாம்பையோ தின்னும் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பாலை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, காலையும் மாலையுமாக மொத்தம் 400 முதல் 500 மில்லிக்குள் கொண்டுவாருங்கள். புட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் சிறிய டம்ளரில் கொடுங்கள். டம்ளரில் கொடுத்தாலே பாதிப் பால் தானாகக் குறைந்துவிடும். மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு முறை பழமோ சுண்டலை மசித்ததோ போதும். ஒருவேளைக்கு, 250 மில்லி பிடிக்கும் கிண்ணத்தில் முக்கால் பங்கு என்பது நிறைவான அளவு; அதையும் முதலில் பாதியாக வைத்து, கேட்டால் மறுபடி வையுங்கள். பருப்பு, முட்டை, முருங்கைக்கீரை, அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால் வாரம் ஒருமுறை ஈரல் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கீரை பிசைந்த சோற்றில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி கொடுக்க வேண்டிய இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. அங்கன்வாடியிலோ உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள்.

டானிக் எழுதித் தரமாட்டேன். பசிக்கென்று விற்கப்படும் சில மருந்துகளில் இருப்பது ஒவ்வாமைக்குக் கொடுக்கப்படும், தூக்கத்தை வரவழைக்கும் மருந்து. அதைக் குடிக்கும் வரைதான் அந்தப் பசி.

கேள்வி: மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால், இரண்டு வயதுப் பேரனை நானும் என் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம். கைபேசியில் பாட்டுப் போட்டால்தான் வாயைத் திறக்கிறான். நிறுத்தினால் வாயில் இருப்பதையும் துப்பிவிடுகிறான். கைபேசி கூடாது என்கிறாள் மருமகள். ஆனால் ஊட்டுகிறவர்களுக்குத்தானே கஷ்டம் தெரியும்? என் மனைவி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் காக்காய், நாய்க்குட்டி காட்டி ஊட்டினாலும் தப்பு என்கிறார்களாம். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே வளர்ந்தோம்?
ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: ஐயா, கைபேசியைப் பொறுத்தவரை உங்கள் மருமகள் சொல்வதே சரி. இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம் என்பதும், அதற்குப் பிறகும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு. சாப்பாட்டு நேரத்தில் அதற்குத் தனியாக ஒரு கெடுதல் இருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் தான் என்ன தின்கிறோம் என்பதும், வயிறு எப்போது நிறைந்தது என்பதும் தெரிவதில்லை. போன வாரம் என் அறையில் ஒரு குழந்தை அம்மாவின் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. பாட்டு முடிந்து திரை அணைந்ததும் அது வாயைத் திறந்து அழுதபோதுதான், காலையில் வீட்டில் ஊட்டிய இட்லி இன்னும் ஒரு கன்னத்தில் அதக்கியபடியே இருந்ததைக் கண்டோம். அப்போது மணி பதினொன்று.

உங்கள் மனைவி காட்டும் காக்காயை இதோடு ஒன்றாக வைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. காக்காயைக் காட்டும் பாட்டி பேசுகிறார், பேரன் பதிலுக்கு ஏதோ சொல்கிறான், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்; பேச்சு வளரும் வயதில் அது பெரிய விஷயம். அதில் நான் காணும் குறை ஒன்றே: குழந்தை 'போதும்' என்று முகத்தைத் திருப்பிய பிறகும், அந்த நேரம் பார்த்து ஒரு நாய்க்குட்டி வந்ததைச் சாக்காக வைத்து இன்னும் நாலு வாய் திணிப்பது. அதை மட்டும் விட்டுவிட்டு, தெருவுக்குப் பதிலாகத் திண்ணையிலோ கூடத்திலோ ஒரே இடத்தில் உட்காரவைத்து, நீங்களும் உங்கள் தட்டோடு எதிரில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் தட்டில் இருக்கும் அப்பளத்தின் மேல்தான் அவனுக்குக் கண் இருக்கும்.

கைபேசியை ஒரே நாளில் நிறுத்தலாம். சிறிது சிறிதாகக் குறைக்கும் முயற்சி, குழந்தையோடு தினமும் பேரம் பேசுவதில்தான் முடிகிறது. முதல் மூன்று நான்கு நாட்கள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். ஓடியாடி விளையாடிக்கொண்டு, சிறுநீரும் வழக்கம்போல் கழிக்கும் குழந்தைக்கு நாலு நாள் குறைவாகச் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் வீட்டில் நால்வரும் ஒரே பேச்சில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பா கைபேசியைக் கொடுத்தால், திங்கட்கிழமை அழுகையைத் தாங்க வேண்டியவர் பாட்டிதான்.

கேள்வி: என் ஒன்பது மாதப் பெண் குழந்தையும் மூன்று வயது மகனும் சரியாகச் சாப்பிடாததால், தொக்கம் விழுந்திருக்கிறது (சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது), எடுத்துவிட்டு வா என்று ஊரில் சொல்கிறார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி எடுத்துவந்தபோது, உள்ளேயிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துக் காட்டினார்களாம். போகலாமா?
ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். விழுங்கிய உணவு சில மணி நேரத்தில் இரைப்பையைக் கடந்து குடலுக்குப் போய்விடும். நாட்கணக்கில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு பசியை மறைக்காது. ஊதியோ உறிஞ்சியோ அதை வெளியே எடுக்கவும் வழியில்லை. அந்தப் பருக்கை குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததன்று. ஊதும்போதும் தொண்டைக்குள் விரலை விடும்போதும் குழந்தைக்குப் புண்ணோ தொற்றோ ஏற்படலாம், மூச்சும் திணறலாம். குழந்தை உண்மையிலேயே விழுங்கச் சிரமப்பட்டால், எச்சில் வடிந்துகொண்டே இருந்தால், நாணயம், பட்டன் பேட்டரி போன்ற எதையாவது விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயை ஓரிரு மணி நேரத்திலேயே அரித்துவிடும். ஒன்பது மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு என்னென்ன கொடுக்கிறீர்கள் என்பதை எழுதியனுப்பினால் தனியே பதில் தருகிறேன்.

கேள்வி: ஒன்றே முக்கால் வயது மகன், நாலு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தரையில் தள்ளிவிடுகிறான். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து தரையைத் துடைக்கும் என் மனைவி நேற்று தாங்க முடியாமல் அவன் தொடையில் ஓர் அடி வைத்துவிட்டு, இரவெல்லாம் அழுதாள். இதை எப்படித் திருத்துவது?
ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்தத் தரையைத் துடைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. துடைக்கிறவர் வேறு, ஊட்டுகிறவர் வேறு என்று ஆனாலே கோபம் பாதி தணிந்துவிடும்.

'போதும்' என்று சொல்ல இன்னும் வார்த்தை வராத குழந்தை, தட்டைத் தள்ளித்தான் அதைச் சொல்லும். தள்ளியவுடன் அம்மா கத்துவதும், அப்பா ஓடிவருவதும், தட்டு கணீரென்று உருள்வதும் அவனுக்கு வேடிக்கையாகிவிட்டால், வயிறு நிறைவதற்கு முன்பே தள்ளத் தொடங்குவான். ஆகவே தட்டின் மேல் கை போகும் நேரத்தைக் கவனித்து, அதற்கு முன்பே "போதுமா?" என்று கேட்டு, உள்ளங்கையை விரித்து ஆட்டிக் காட்டப் பழக்குங்கள், சில நாட்களில் அவனும் கையை ஆட்டுவான். மீறித் தள்ளினால், கோபமோ சிரிப்போ இல்லாமல் தட்டை எடுத்துவிட்டு, வாயைத் துடைத்து இறக்கிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து பிஸ்கட் கொடுத்து ஈடுகட்ட வேண்டாம். அடுத்த வேளை வரை தண்ணீர் போதும். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு தட்டில் இரண்டு மூன்று துண்டு இட்லியை மட்டும் வைத்து அவன் கையாலேயே எடுத்துச் சாப்பிடவிட்டால், சிந்தினாலும் சிந்துவது இரண்டு துண்டுதான். எறும்பு வருகிறதே என்று கேட்பீர்கள். வரும்.

அடித்ததற்காக உங்கள் மனைவி அழுதிருக்கிறார் என்றால், அவருக்கு நான் சொல்ல வேண்டியது எதுவுமில்லை. இரண்டு நாள் அவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

கேள்வி: இரண்டரை வயதுக் குழந்தைக்கு முறுக்கு, வேர்க்கடலை கொடுக்கலாமா?
ஒரு பாட்டி, காரைக்குடி

பதில்: நான்கு வயது வரை முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, கெட்டி முறுக்கு, சீடை எதுவும் வேண்டாம். கடைவாய்ப் பற்களால் நன்றாக அரைக்கும் பழக்கம் இன்னும் வந்திராது என்பதால், ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ தின்னும்போது கடலை மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வறுத்த வேர்க்கடலையைப் பொடித்து, வெல்லத்தோடு சேர்த்துச் சோற்றிலோ கஞ்சியிலோ கலந்து தாருங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ஏதேனும் அடைத்துக்கொண்டு குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டால் அது இன்னும் உள்ளே போகும். இருமலோ சத்தமோ வராமல் முகம் நீலம் பாய்ந்தால், ஒருவர் 108ஐ அழைக்கும்போதே மற்றவர் குழந்தையை முன்பக்கம் குனியவைத்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும்; அடைப்பு நீங்காவிட்டால் குழந்தையின் பின்னால் மண்டியிட்டு, முஷ்டியைத் தொப்புளுக்குச் சற்று மேலே வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை வேகமாக அழுத்தி, இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த முறை கூடாது, அதற்கு முறை வேறு. வீட்டில் இருக்கும் எல்லோரும் உங்கள் குழந்தைநல மருத்துவரிடம் ஒருமுறை இவற்றை நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.