வரைபடம் வரையாமல் சுரங்கத்துக்குள் இறங்காதீர்கள்

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறேன். அண்ணாவின் பழைய லேப்டொப்பில் பழைய டொஸ் கேம்களை ஓட்டும் டொஸ்பொக்ஸ் வழியாக, ஓர் அணியைச் சுரங்கத்துக்குள் நடத்திச் செல்லும் ‘ஐ ஒஃப் த பிஹோல்டர்’ கேமை விளையாடத் தொடங்கினேன். முதல் தளத்தை எப்படியோ தாண்டிவிட்டேன். இரண்டாம் தளத்தில் வலப்பக்கச் சுவரை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தும் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குத்தான் வருகிறேன். அணியில் இரண்டு ஃபைட்டர் (சண்டைக்காரர்), ஒரு தீஃப் (பூட்டுத் திறக்கும் திருடர்), ஒரு மேஜ் (மந்திரவாதி) வைத்திருக்கிறேன். ஆட்கள் சாகிறார்கள், சாப்பாடும் தீர்கிறது. லேப்டொப்பில் ஏதும் பிழையா? இணையத்தில் கிடைக்கும் ஆயத்த வரைபடத்தைப் பார்த்து விளையாடலாமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: லேப்டொப்பில் பிழை இருக்க வழியில்லை, தம்பி. வெஸ்ட்வுட் உருவாக்கி எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் 1991இல் வெளியிட்ட கேம் இது. 640 கிலோபைட் நினைவகம் உள்ள கணினிகளில் ஓடியது. உங்கள் அண்ணாவின் லேப்டொப் எவ்வளவு பழையதாக இருந்தாலும் இதற்குத் தாராளம். ஓட்டம் அளவுக்கு மிஞ்சிய வேகமாக இருந்தால் கன்ட்ரோல் விசையோடு எஃப்11ஐ அழுத்திக் குறையுங்கள். மந்தமாக இருந்தால் எஃப்12. அவ்வளவுதான்.

உங்கள் சிக்கல் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. ஒரு பக்கச் சுவரைப் பிடித்தபடி நடந்தால் எந்தச் சிக்கலான வழியிலிருந்தும் வெளியேறலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். சுவர்கள் எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்து இருக்கும்போது மட்டும்தான் அது சரி. நடுவில் தீவு போலத் தனித்து நிற்கும் ஒரு சுவர்த்தொகுதியை நீங்கள் பிடித்துவிட்டால் அதையே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். கீழே போகும் படி அடுத்த தொகுதியில் இருக்கும், உங்கள் கை அதைத் தொடவே தொடாது. இதுபோதாதென்று பூட்டிய கதவுகளும் மறைந்த வழிகளும் வேறு. ஆகவே அந்த உத்தியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேம் உங்களுக்கு வரைபடம் போட்டுத் தராது. 1991இல் இதை விளையாடியவர்கள் பக்கத்தில் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டுதான் விளையாடினார்கள். வரைவது இந்த கேமுக்கு வெளியே செய்யும் வேலை என்று நினைக்காதீர்கள். என்னைக் கேட்டால் கேமில் பாதி அதுதான், அதுவும் நல்ல பாதி.

கடையில் சதுரம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்றும், பென்சிலும், அழிறப்பரும் வாங்குங்கள். ஒவ்வொரு தளமும் 32க்கு 32 சதுரம், மொத்தம் 12 தளங்கள். நீங்கள் இறங்கும் இடம் தளத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று முதலில் தெரியாது. அதனால் தாளின் நடுவில் தொடங்குங்கள், ஓரத்தில் முட்டினால் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளலாம். ஓர் அடி வைத்தால் ஒரு சதுரம். மூலைவிட்டமாக நடக்க முடியாது, திரும்பினால் சரியாகக் கால் சுற்று. 1981இல் வந்த ‘விசர்ட்ரி’ என்ற இதே வகை கேமில் சுவர் வெறும் கோடு. இங்கே அப்படியில்லை, சுவரும் ஒரு முழுச் சதுரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே கோடு இழுக்காமல், நடக்கக்கூடிய சதுரத்தை வெள்ளையாக விட்டுச் சுவர்ச் சதுரத்தை நிழலடியுங்கள். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் வரைந்தால் இரண்டாவது திருப்பத்திலேயே கணக்குப் பிசகிவிடும்.

அடுத்தது திசை. திரையில் ஒரு திசைகாட்டி இருக்கிறதே, அதைப் பார்க்காமல் எதையும் வரையாதீர்கள். ‘இடப்பக்கம் திரும்பினேன், பிறகு வலப்பக்கம்’ என்று மனதில் வைத்தால் குழம்புவது நிச்சயம். நம் ஊரில் யாரும் வழியை அப்படி நினைப்பதில்லையே. படுவான்கரைக்குப் போகிறேன் என்றால், நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேதான் இருக்கிறது. எழுவான்கரை எப்போதும் கடற்பக்கம். சுரங்கத்துக்குள்ளும் அதே மாதிரி யோசியுங்கள்: ‘கிழக்கே நான்கு சதுரம், வடக்கே இரண்டு, அங்கே ஒரு கதவு.’ தாளின் மேல்விளிம்பு எப்போதும் வடக்கு. நீங்கள் திரும்பும்போது தாளைத் திருப்பாதீர்கள்.

ஒவ்வோர் அடிக்கும் நின்று வரையத் தேவையில்லை. பாதை பிரியும் இடம்வரை எண்ணிக்கொண்டு போய், நின்று, வரையுங்கள். கேம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், நீங்கள் கொப்பியைப் பார்க்கும் நேரத்தில் பின்னால் ஏதாவது வந்துவிடும். அதனால் முகாம் மெனுவைத் திறந்து வைத்துவிட்டு வரையுங்கள். கதவுக்கு ஓர் அடையாளம், பொத்தானுக்குப் புள்ளி, தரையில் அழுத்தும் தட்டுக்குச் சிறு பெட்டி, குழிக்கு வட்டம். பூட்டிய கதவென்றால் என்ன மாதிரியான சாவித்துளை என்பதையும் எழுதிவையுங்கள். மூன்று அறை தள்ளி ஒரு சாவி கிடைக்கும்போது எங்கே திரும்பிப் போவது என்று அது சொல்லும்.

இனி இதன் பலனைப் பாருங்கள். ஒரு தளத்தைப் பாதி வரைந்து முடித்ததும், நான்கு பக்கமும் நடைபாதை சூழ, நடுவில் ஆறு சதுரம் போல வெறுமையாக ஓர் இடம் தாளில் தெரியும். அவ்வளவு பெரிய இடத்தில் வெறும் கல் இருக்க வாய்ப்புக் குறைவு. அதைச் சுற்றியுள்ள சுவர்களுக்கு முன்னால் ஒவ்வொரு சதுரமாக நின்று கல்லைக் கல்லாகப் பாருங்கள். ஓர் இடத்தில் ஒரு சின்னச் செங்கல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் துருத்திக்கொண்டு நிற்கும். அதை அழுத்தினால் சுவர் விலகும். நடந்து மட்டும் பார்த்தவருக்கு அது அகப்படாது, வரைந்தவருக்கு அகப்படும். இதற்காகத்தான் ஆயத்த வரைபடத்தை எடுக்க வேண்டாம் என்கிறேன்.

வரைபடம் திடீரென ஒத்துவராவிட்டால் உடனே அழிக்காதீர்கள். அறிவிப்பே இல்லாமல் உங்களைத் தூக்கி வேறிடத்தில் வைக்கும் சதுரங்கள் இந்த வகை கேம்களில் உண்டு. சந்தேகம் வந்தால் ஒரு கல்லைத் தரையில் போட்டுவிட்டு ஓரடி முன்னே வைத்துத் திரும்பிப் பாருங்கள். கல் அங்கே இல்லையென்றால் இடம் மாறியது நீங்கள்தான்.

இப்போது ஆட்கள் சாகும் விஷயம். உங்கள் அணியில் கிளெரிக் (குணப்படுத்தும் மந்திரம் தெரிந்த பூசாரி) இல்லை, அதுதான் பெரிய குறை. காயம் ஆற்ற ஆளில்லை, சாப்பாடு உண்டாக்கவும் ஆளில்லை. தீஃபை விட்டுவிடலாம். பூட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாவி எங்காவது கிடக்கும். இரண்டாம் தளத்தில்தானே நிற்கிறீர்கள், பெரிய நட்டமில்லை. புதிதாகத் தொடங்கி, முன்வரிசையில் இரண்டு ஃபைட்டர், பின்வரிசையில் கிளெரிக்கும் மேஜும் வையுங்கள். கிளெரிக்கை வேறு வகுப்போடு கலக்காதீர்கள், அனுபவப் புள்ளிகள் பிரிந்துபோகும். கலக்காத கிளெரிக் 13,000 புள்ளியில் ஐந்தாம் நிலைக்கு வருவார். அப்போது உணவு உண்டாக்கும் மந்திரம் கிடைக்கும். அதன் பிறகு சாப்பாட்டுக் கவலையே இல்லை. அதுவரை தொட்டதற்கெல்லாம் ஓய்வெடுக்காதீர்கள். படுத்துறங்கும் நேரத்திலும் பசி ஏறும்.

கைக்கு எட்டிய ஆயுதத்தால் அடிக்க முன்வரிசை இருவருக்குத்தான் முடியும். பின்னால் நிற்பவர்கள் கத்தியையும் கல்லையும் எறியட்டும். சண்டை முடிந்ததும் மறக்காமல் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்று அடிபடாதீர்கள். இரண்டுக்கு இரண்டு சதுரம் திறந்த இடம் கிடைத்தால் ஓர் அடி அடித்துவிட்டு உடனே பக்கவாட்டில் நகருங்கள். எதிரி உங்கள் முன்னால் வந்து திரும்புவதற்குள் அடுத்த அடி, மறுபடி நகர்வு. அது நகர்வதிலேயே தன் நேரத்தைச் செலவழிக்கும். நீண்ட நடைபாதையென்றால் எறிந்துகொண்டே பின்வாங்குங்கள். நான்காம் தளத்தின் நஞ்சுச் சிலந்திகளிடம் இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும். ஒருவர் விழுந்துவிட்டால் செத்துவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். உயிர்ப்புள்ளி சுழியத்துக்குக் கீழே போனால் மயக்கம், மைனஸ் 10க்குப் போனால்தான் மரணம். இடையில் கிளெரிக் குணப்படுத்தி எழுப்பலாம்.

பையில் இடமில்லை என்று கல்லால் செய்த கத்தி, மோதிரம், பதக்கம் போன்றவற்றை வீசிவிடாதீர்கள். கீழ்த்தளங்களின் மாய வாயில்களுக்கு அவைதான் திறவுகோல். மனித எலும்புகள் கிடைத்தாலும் எடுத்துச் செல்லுங்கள். ஐந்தாம் தளத்தில் குள்ளர்களின் முகாமில் ஒருவருக்கு உயிர்கொடுக்க வழி உண்டு. நான்காம் தளத்தில் காயப்பட்டுக் கிடக்கும் டாகோர் என்ற குள்ளரை அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்ல சண்டைக்காரர். மொத்தம் ஆறு பேர்வரை இடமிருக்கிறது.

இன்னொன்று. இந்த கேமில் சேவ் செய்ய ஒரேயோர் இடம்தான் உண்டு. மோசமான நிலையில் சேவ் செய்துவிட்டால் பழையது போய்விடும். கேம் இருக்கும் கோப்புறையில் ‘ஈஓபிடேட்டா’ (EOBDATA) என்ற பெயரோடு ஒரு சேவ் கோப்பு இருக்கும். ஒவ்வொரு தளம் முடிந்ததும் அதை வேறொரு கோப்புறைக்குப் பிரதி எடுத்து வையுங்கள். பழைய லேப்டொப்பின் பற்றரி எவ்வளவு தாங்கும் என்று உங்களுக்கே தெரியும், மாரி மழைக்குக் கரண்ட் போனால் சேவ் செய்யாததெல்லாம் போச்சு.

ஆயத்த வரைபடம் பற்றிக் கேட்டீர்கள். ஒரு தளத்தை முழுக்க வரைந்து, வெறுமையான இடங்களையும் தேடி, பூட்டிய கதவுகளையும் பார்த்த பிறகும் வழி தெரியவில்லையென்றால், அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பாருங்கள். பார்த்ததை உங்கள் கொப்பியில் வரைந்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுங்கள். வரைவதே பிடிக்கவில்லையென்றால் 2012இல் ஃபின்லாந்தின் ஆல்மோஸ்ட் ஹியூமன் வெளியிட்ட ‘லெஜன்ட் ஒஃப் கிரிம்ரொக்’ இருக்கிறது. அதே பாணிதான், வரைபடத்தை அதுவே போட்டுத்தரும். ஆனால் அதற்குக் கிராஃபிக்ஸ் வசதி வேண்டும், அண்ணாவின் லேப்டொப் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.